ஏற்காடு லேடீஸ் சீட்: பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்கிற இடமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். சேலத்தில் உறவினர் வீட்டுக்கு வருகிறீர்கள். கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. பையனுக்கு ஒன்பது வயது. மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட் பூங்காவில் கூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை, பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். போகலாமா, வேண்டாமா?

நீங்கள் கேட்டிருப்பது போவதைப் பற்றித்தான். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி, அந்த வேலி ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் அப்படி என்ன தெரிகிறது, அதற்காக அப்பாவின் முழங்காலைச் சிரமப்படுத்தலாமா என்பது. போகலாம் என்பது என் பதில். எந்த நேரத்தில் போகிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் நிலவியல் படித்தவன். சேலம் வட்டாரத்துச் சுரங்கங்களிலும் மலைகளிலும் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் கல்லும் மண்ணும் எனக்குப் பழக்கம். பூச்செடி, பறவை, தங்கும் விடுதி இவற்றில் என் சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். கல்லைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாக நம்பலாம்.

முதலில் நேரம். சில வருடங்களுக்கு முன் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காலை பதினோரு மணிக்கு அடிவாரத்தை விட்டுக் கிளம்பினேன். மேலே ஏரியைச் சுற்றி வண்டிகள் நகரவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம். லேடீஸ் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கீழே சேலம் இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரே மங்கல். அக்கா மகன் வேலியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதுக்குத்தான் வந்தோமா?" என்றான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உங்களிடம் பத்து நிமிடம் என்று சொன்னவர்கள் அனேகமாக அந்த நேரத்தில்தான் போயிருப்பார்கள்.

கோடை நண்பகலில் சமவெளியின் தூசியும் வெக்கையும் சேர்ந்து ஒரு திரை போட்டுவிடும். காலையில் அது இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. லேடீஸ் சீட் தென்மேற்கு பார்த்த விளிம்பு. காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், சமவெளி முழுக்க நேர் வெளிச்சம் விழும். மாலையில் சூரியனையே எதிரே பார்க்க வேண்டியிருக்கும். சூரியன் மறைவதற்கும், இருட்டிய பிறகு சேலத்து விளக்குகளுக்கும் மாலை நல்லது. ஊரும் மலைகளும் விவரமாகத் தெரிய வேண்டுமென்றால் காலைதான். அதிலும் முந்தின நாள் மழை பெய்து வானம் வெளுத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி எந்த நேரமும் வரும், போகும். அந்த மாதங்களில் வந்தால் பனி விலகும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. திறக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் முந்தின நாளே யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போது முதல் ஆளாக நில்லுங்கள்.

சரி, நின்றால் என்ன தெரியும்? நேர் கீழே நீங்கள் ஏறிவந்த மலைப்பாதை, கயிற்றை மடித்து மடித்துப் போட்டது போல. இருபது கொண்டை ஊசி வளைவுகள். பையனை எண்ணச் சொல்லுங்கள். எல்லாம் தெரியாது, தெரிகிறவரை எண்ணட்டும். அதற்கப்பால் சேலம். சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பது பொதுக் கணக்கு. கீழே 38 டிகிரி கொதிக்கும்போது மேலே முப்பது முப்பத்தொன்றில் இருப்பது இதனால்தான். அப்பாவுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள். காலையில் தேவைப்படும்.

இப்போது நகரத்தின் வடமேற்கு ஓரத்தைப் பாருங்கள். மலையடியில் வெள்ளை வெள்ளையாக மண் பெயர்ந்த இடங்கள் தெரியும். யாரோ சுண்ணாம்பைக் கொட்டி வைத்தது போல இருக்கும். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் நினைத்து அதற்கு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே சாக்கும் கிடையாது, சுண்ணாம்புக்கல்லும் கிடையாது. அது மேக்னசைட், மக்னீசியத்தின் கார்பனேட். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். வெள்ளக்கல்பட்டி என்று ஊரே இருக்கிறது. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு நிலையமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சோதனையே இதுதான்: கல் மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட வேண்டும். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சுர்ரென்று நுரைக்கும். மேக்னசைட் அசையாமல் கிடக்கும். இந்தக் கல்லைச் சுட்டுச் செய்கிற செங்கல்தான் எஃகு உருக்கும் உலைகளின் உள்சுவரில் போவது. இரும்பே உருகி ஓடுகிற சூட்டிலும் அது நிற்கும்.

அங்கிருந்து பார்வையைத் தென்மேற்குக்குக் கொண்டுபோனால், தனியாகப் படுத்துக்கிடக்கிற நீண்ட மலை ஒன்று. அது கஞ்சமலை. அடிவாரத்தில் சித்தர்கோயில் இருக்கிறது, அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். அந்த மலையின் பட்டை பட்டையான கருங்கல்லில் காந்த இரும்புத்தாது இருக்கிறது. ஒரு சின்னக் காந்தத்தை உடைந்த துண்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலத்துத் தாதைத்தான் நம்பினார். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே இங்குள்ளவர்கள் சின்ன மண் உலைகளில் கரி போட்டு இரும்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சமலைப் பக்கத்திலேயே சேலம் உருக்காலை இருப்பதால் இந்த மலையின் இரும்புதான் அங்கே உருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிற ஆலை, கஞ்சமலைத் தாது அங்கே போவதில்லை.

இன்னும் மேற்கே, வானம் மிகத் தெளிவாக இருந்தால், தகரத்தை வெயிலில் வைத்தது போல ஒரு மினுக்கம் தெரியும். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். இதை எல்லா நாளும் எதிர்பார்க்காதீர்கள். அது தெரிந்த காலைகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

ஆக, ஒரே இடத்தில் நின்று வெள்ளைக்கல், இரும்பு இரண்டையும், வாய்த்தால் காவிரித் தண்ணீரையும் பார்த்துவிட்டீர்கள். இவற்றைத் தேடித் தேடிப் பார்க்க அரை மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். அப்பா உட்கார்ந்தே பார்க்கலாம், நடை அதிகமில்லை. அந்தப் பெயர்க்கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தினமும் மாலையில் இந்தப் பாறையில் வந்து உட்காருவார், அதனால் லேடீஸ் சீட் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது வாய்வழிக் கதை, வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்றும் இருப்பதைப் பார்த்தால், காற்று வாங்க வந்தவர்கள் பாறைகளைப் பங்கு பிரித்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் நிற்கிற மலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏறும் வழியில் வளைவுகளில் பாதைக்காக வெட்டிய பாறைச்சுவர்களைப் பாருங்கள். வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள். அகலமான ஓரம் கிடைக்கிற இடத்தில் மட்டும் நிறுத்தலாம். வெளிப்பக்கம் பழுப்பாக, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்திருக்கும். புதிதாக உடைந்த இடத்தில் பார்த்தால் நிறமே வேறு. நீலம் ஓடிய சாம்பல், அதன் மேல் எண்ணெய்க் கையால் தடவியது போல ஒரு பளபளப்பு. ஊரில் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். நிலவியலில் சார்னோக்கைட். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல். அதனால் வந்த பெயர். சேர்வராயன் மலையின் உடம்பே இந்தக் கல்தான். ஏறத்தாழ 250 கோடி வருடத்துக் கல், பூமிக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில், எழுநூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்தது. இவ்வளவும் உறுதியானது. இவ்வளவு ஆழத்தில் இருந்தது எப்படி இந்த உயரத்துக்கு வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாறைப்பிளவுகள் வழியாக மலை மேலே தள்ளப்பட்டது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், சுற்றியிருந்தது கரைந்து போய் உறுதியானது மட்டும் மிஞ்சியது என்று இன்னொரு பக்கம். இரண்டும் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். எது எவ்வளவு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

லேடீஸ் சீட் முடிந்ததும் நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள், ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். மலையின் உச்சிப்பகுதி அதுதான், 1,623 மீட்டர். வண்டி கோயிலுக்குப் பக்கம் வரை போகும். உச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்று நினைத்து வருபவர்களுக்கு அங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. மேலே தட்டையாக, மேடை மாதிரி புல்வெளி. காற்று சும்மா இருக்காது. கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். குனிந்துதான் போக வேண்டும், உங்கள் அப்பா வாசலில் நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம். குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். அது நம்பிக்கை. இந்தக் கல்லில் அவ்வளவு நீளக் குகை உண்டாகாது என்பது என் தொழில் சொல்வது, ஆனால் அந்த வாசலில் நிற்கும்போது அதை யாரிடமும் வாதாட எனக்குத் தோன்றியதில்லை. மே மாதம் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்து மலைக்கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். அந்த மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. ஏற்காட்டை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று எந்த வழிகாட்டியாவது சொன்னால், இந்தக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புல்வெளியில் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். காலடியில் சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கற்கள் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். பார்வைக்குக் கல், தூக்கினால் எதிர்பார்த்த கனம் இருக்காது. ஆப்பம் மாதிரி துளைகள், சிலதில் கடலை அளவுக்கு உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். அது பாக்சைட், அலுமினியத்தின் தாது. பக்கத்தில் ஒரு கருங்கல் துண்டையும் இன்னொரு கையில் கொடுங்கள். இரண்டும் தாயும் பிள்ளையும். மேலே தட்டையாக இருப்பதால் மழைத்தண்ணீர் சட்டென்று ஓடிப்போகாமல் உள்ளே இறங்கி, லட்சக்கணக்கான வருடம் அந்தக் கருங்கல்லைக் கழுவியிருக்கிறது. கரையக்கூடியது எல்லாம் போய்விட்டது. மணலின் சத்தான சிலிக்காகூடப் போய்விட்டது. மிஞ்சியது அலுமினியமும் இரும்பும். சிவப்பு நிறம் அந்த இரும்பால் வந்தது. சரிவில் இது உண்டாகாது, தட்டையான உச்சியில்தான் உண்டாகும். இங்கிருந்து வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறங்கிய காலம் ஒன்று இருந்தது. பார்த்துவிட்டுக் கல்லை அங்கேயே வைத்துவிடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துப்போனால் கோயில் முற்றத்தில் ஒன்றும் மிஞ்சாது.

நேரம் இருந்தால் நான் உங்களை அழைத்துப்போக விரும்புகிற இன்னொரு இடம், எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் முன்னால் வராதது: ஊருக்குள் இருக்கிற ஹோலி டிரினிட்டி தேவாலயம். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் சரளைமண் குழியிலிருந்து ஒரு கற்கருவியை எடுத்தவர் அவர். பழைய கற்காலத்தில் இந்த நாட்டில் மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் ஆதாரம் அது. சேலம் மாவட்டத்துப் பாறைகளை ஆராய்ந்து எழுதியவரும் அவர்தான். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார், 1912-இல் காலமானார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இந்த மலையிலும் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஏர் உழும்போது கிடைத்த அந்தக் கோடரிகளை மலைமக்கள் பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிட்டார்கள் என்று அந்தக் காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து பல வருடம் இந்தத் தேவாலயத்தைத் தாண்டியே ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மழைநாளில் ஒதுங்கியபோதுதான் அந்தப் பெயரைப் படித்தேன். அன்றைக்கு வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், முடிந்தபின் அனுமதி கேட்டு உள்ளே போங்கள்.

வழியெல்லாம் காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். அந்த வாரம் வாய்த்தால் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், மல்லிகைக் கடைக்குள் போவது போல இருக்கும்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கிளியூர் அருவிக்குப் படிகள் அதிகம், இறங்கும்போது தெரியாது, ஏறும்போது உங்கள் அப்பாவின் முழங்கால் தாங்காது. மழை இல்லாத மாதங்களில் அங்கே தண்ணீரும் இருக்காது. ஏரிப் படகுக்கு ஞாயிறு மதியம் வரிசையில் நின்றால் அந்த நாள் அதோடு சரி. பையன் பிடிவாதம் பிடித்தால் ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொடுத்துச் சமாளியுங்கள். ஏரிக்கரைக் கடைகளில் சுடச்சுடக் கிடைக்கும். குரங்குகள் கையிலிருந்தே பிடுங்கும் என்பதால் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. பகோடா பாயிண்ட் நல்ல இடம்தான், கிழக்கே அயோத்தியாப்பட்டணம் பக்கச் சமவெளி தெரியும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. லேடீஸ் சீட், கோயில், தேவாலயம் இந்த மூன்றும் உங்களுக்குப் போதும்.

இறங்கும்போது இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மாலையில் எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். கனமழை பெய்தால் மண்சரிவு பயத்தில் பாதையை மூடுவதும் உண்டு, அப்போது குப்பனூர் வழியாக இறங்க வேண்டியிருக்கும். ஓட்டுபவர் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரக்கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கட்டும், இரண்டாவது கியர் போதும். பிரேக் காய்ந்த வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், அதன் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். பையனை முன் இருக்கைக்கு அருகில், பாதை தெரிகிற மாதிரி உட்காரவையுங்கள், வாந்தி குறையும். கீழே வந்ததும் ஒரு தடவை திரும்பி மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் தான் நின்ற விளிம்பு எங்கே இருக்கிறது என்று அவனே கையை நீட்டிக் காட்டுவான்.